எந்தக் கார் என்று சொல்லாமல் இருந்த நாட்கள்

செப். 7, செவ்வாய்

கச்சான் காற்று. காலையிலிருந்து பல்லுக்குள் மணல்.

அவர் மவுத்தாகி நாற்பதாம் நாள் கத்தம் ஓதல் நேற்று முடிந்தது. பள்ளிவாசல் கிடாரம் திருப்பி அனுப்ப. கேத்தல் மூடி தேட. நஸீமாவுக்குச் சப்பாத்து, மகள் வளர்ந்துகொண்டே போகிறாள்.

கணவன் போய் நாலு மாதம் பத்து நாள் இத்தாவில் இருப்பவளுக்கு வேலை இல்லை என்று யார் சொன்னது? வெள்ளைச் சாரியும் திரை போட்ட அறையும்தான் புதிது. மற்றதெல்லாம் அதே அடுப்பு, அதே பூனை. பாடசாலைதான் இல்லை. என் ஐந்தாம் வகுப்புக்கு யார் கணக்குப் படிப்பிக்கிறார்களோ, அல்லாஹ்தான் காப்பாற்ற வேண்டும்.

அஸர் தொழுகைக்குப் பிறகு தம்பி றபீக் உள்ளே வந்து உட்கார்ந்தான். கார்க் கதை.

"ராத்தா, மச்சான் அட்வான்ஸ் குடுத்த விசயம் அப்படியே நிக்கி. புறோக்கர்ட்ட ரெண்டு கார். ஒண்டு நீலம், ஒண்டு வெள்ள. ஒரே வெல. எதெண்டு சொன்னா முடிச்சிடலாம்."

அவர் இருந்தபோது இந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை. ஜப்பான் கார், சின்னது, பின்கதவை மேலே தூக்கித் திறக்கிற வகை. முழங்கால் வலியோடு நான் சாய்ந்தமருதிலிருந்து அக்கரைப்பற்றுப் பாடசாலைக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறேன், அதற்காக. ஓவசியர் வேலையில் ஓய்வு பெற்றபின் அளக்க வாய்க்கால் இல்லாமல் கார் அளக்கத் தொடங்கிய மனிசன். நீலத்தை ஓடிப் பார்ப்பார், வெள்ளையை ஓடிப் பார்ப்பார், வந்து என் தலையைத் தின்பார்.

இனி எனக்கு எதற்கு என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. காரணம் இருக்கிறது.

அன்றைக்கு ஒரு காரை எடுத்து ஓடிப் பார்க்கப் போனார். கூட புறோக்கர். வழியில் நெஞ்சு வலி. புறோக்கர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். றபீக் ஓடிப் போய்த் தலைமாட்டில் நின்றான். ஒரு முஸ்லிமின் கடைசிச் சொல்லாக இருக்க வேண்டிய கலிமாவை அவர் மூன்று தரம் தெளிவாகச் சொல்லிக் கண்ணை மூடினார். இது றபீக் சொன்னது. வந்த சனம் எல்லாம் இதைச் சொல்லித்தான் என்னைத் தேற்றியது. நானும் அதைப் பிடித்துக்கொண்டுதான் எழும்பி நடந்தேன்.

நேற்று குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டு கத்தத்துக்கு வந்த பெண்கள் இரண்டு பேர். நான் பின்னால் நின்றது தெரியாது.

"மச்சினன் றபீக் போகக்குள்ள ஆள் முடிஞ்சாம் கா. ஆசுபத்திரிக்கே உசிரோட போகல்லயாம்."

"அப்ப கலிமா?"

"கார்க்குள்ள அந்தப் புறோக்கர் மட்டுந்தானே. காரதீவுத் தமிழாள். அவருக்கென்ன கலிமா தெரியும்?"

கையில் இருந்த தட்டு விழவில்லை. பத்திரமாகத்தான் வைத்தேன்.

அவருக்கு யாராவது கலிமாச் சொல்லிக் கொடுத்தார்களா? அவராகச் சொன்னாரா? தெரிந்த ஒரே ஆள் அந்தப் புறோக்கர். வெளி ஆண். இத்தாவில் நான் அவர் முகம் பார்க்கக் கூடாது, என் குரலும் அவருக்குக் கேட்கக் கூடாது. அவர் இந்த வளவுக்குள் வருவதற்கு ஒரே சாட்டு, கார்.

றபீக்கிடம் சொன்னேன்: பார்க்காமல் எப்படிச் சொல்வது? கொண்டு வரச் சொல்லு. ஒவ்வொன்றாக.

செப். 9, வியாழன்

வெள்ளை வந்தது. முற்றத்து வேம்புக்குக் கீழே நிறுத்தினார்கள். நான் சாலை அறை ஜன்னல் திரைக்குப் பின்னால். நஸீமா வாசலில், தூது.

புறோக்கர் பெயர் குணம். வயது முப்பதுக்குள். மெலிந்த ஆள். சேர்ட் கை மடிப்பு ஒன்று ஏறி ஒன்று இறங்கி. பார்த்த உடனே வகுப்பில் கடைசி வாங்கில் இருத்தி வைத்துத் திருத்த வேண்டும் போல இருந்தது.

நான் மெல்லச் சொல்ல, நஸீமா உரத்துக் கேட்டாள். பெற்றோல் எவ்வளவு குடிக்கும்? பின்சீற் மடியுமா? சாமான் கிடைக்குமா? எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது, கடகடவென்று. வியாபாரிக்கு நாக்கு அப்படித்தான் வேண்டும்.

பிறகு கேட்கச் சொன்னேன்: வாப்பாவுக்கு எது பிடித்திருந்தது?

நாக்கு நின்றுவிட்டது. "ஐயா... ரெண்டும் நல்லமெண்டுதான் சொன்னவர்." றபீக் உடனே இருமி, டயரைப் பற்றி எதையோ கேட்டு அவரை அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனான்.

இருபது வருடம் பிள்ளைகளின் முகம் பார்த்துப் பொய் பிடித்தவள் நான். திரைக்குள்ளால் முகம் சரியாகத் தெரியாவிட்டால் என்ன, குரலே காணும். இந்த ஆளிடம் பொய் இல்லை. பயம்தான் இருக்கிறது.

"வெள்ள நல்லம் என்ன ராத்தா? முடிச்சிடுவமா?"

நீலத்தையும் பார்க்க வேண்டும் என்றேன். றபீக்கின் முகம் போன போக்கு!

செப். 10, வெள்ளி

எழுதி வைக்கிறேன், யாரும் கேட்டால் காட்ட.

வெள்ளை: நாலு கதவு, பின்கதவு வேறு. துணிச் சீற். றேடியோ இல்லை.
நீலம் (றபீக் சொன்னபடி): இரண்டு கதவு, பின்கதவு வேறு. பின்னால் ஏற முன்சீற்றை மடக்க வேண்டும். றேடியோ, கெசற்.
விலை: ஒன்று.
வயது: ஒன்று.
எனக்கு வேண்டியது: இரண்டிலும் எழுதியில்லை.

இன்று தேத்தண்ணி இரண்டு கோப்பை ஊற்றிவிட்டேன். அவருடைய அக்கா, என் மதினி, இத்தா முடியும் வரை காவலுக்கு வந்திருப்பவர், பார்த்துவிட்டு ஒன்றை எடுத்துக் குடித்தார். பாவம், அவருக்குச் சீனி ஆகாது.

கிணற்றடியில் அவருடைய செருப்புச் சத்தம். பகல் பதினொரு மணிக்கு, நல்ல வெயிலில். போய்ப் பார்க்கவில்லை. போய்ப் பார்த்தால் இருக்கமாட்டார், அது தெரியும். போகாவிட்டால் இருப்பார்.

பேய் என்று எழுதமாட்டேன். அப்படியான நம்பிக்கை எனக்கு இல்லை. ஆனால் ஏதோ ஒன்றை முடிக்காமல் போன ஆளைப் போல வீட்டுக்குள் நடக்கிறார். வைத்த இடம் மறந்து திறப்புத் தேடுகிற நடை. வாய் மட்டும் திறப்பதில்லை.

கடைசி நேரத்தில் வாயில் என்ன இருந்தது உங்களுக்கு? சொல்லுங்களேன். நாலு நாளாகக் கேட்கிறேன்.

செப். 13, திங்கள்

காற்று குறைவு. நெத்தலி மலிவாம், வாங்கினோம்.

நீலம் வந்தது. சத்தத்திலேயே தெரிந்தது. அவர் ஓடிப் பார்க்கக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி என்னைக் கூப்பிட்ட நாட்களில், போய்ப் பார்க்காமல் அடுப்படியிலிருந்து கேட்ட சத்தம்தான். வெள்ளையும் அப்படித்தானே வந்தது, அப்போது நெஞ்சு இப்படி அடிக்கவில்லை.

திரையை ஒரு விரல் அளவு நகர்த்தினேன். முன்னால் இடதுபக்கச் சீற் முழுக்கப் பின்னுக்குச் சாய்ந்து கிடந்தது. கட்டில் மாதிரி. விற்கக் கொண்டுவருகிற காரில் யாராவது சீற்றை அப்படி விடுவார்களா?

றபீக்கும் அப்போதுதான் கண்டான். பாய்ந்து போய்க் கதவைத் திறந்து சீற்றை நிமிர்த்தினான். "என்னப்பா, இதக்கூட நிமித்த ஏலாதா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான். குணம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அதில கை வைக்க மனம் வரல்ல காக்கா" என்றார். மெல்லத்தான். ஆனால் கேட்டது.

ஆக, அன்றைக்கு அவர் போனது நீலத்தில்.

மதினி என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டார். நெத்தலி கருகியது. நஸீமா அழுதுகொண்டே சட்டியைச் சுரண்டினாள். எதற்கு அழுகிறாய் என்று கேட்டதற்கு, புகை என்றாள். எனக்குப் பிறந்தவள்தானே.

செப். 14, செவ்வாய்

றபீக்குக்கும் எனக்கும் சண்டை.

"ரெண்டையும் பாத்தாச்சி. வெள்ளய எடுப்பம். நாலு கதவு. பொம்புளயளுக்கு ஏறி எறங்க லேசி."

யோசிக்க வேண்டும் என்றேன்.

"என்னத்த யோசிக்கிற? ஒரே வெல, ஒரே சாதிக் கார். ஊரே கேக்குது, இத்தாவில இருக்கிற மனிசிக்கு என்ன கார் ஆசை எண்டு."

ஊர் கேட்கட்டும். ஆசைக்காரி என்று சொல்லட்டும். எனக்குக் கார் வேண்டாமடா, உன் மச்சானின் கடைசிச் சொல் வேண்டும் என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. அவன் சொன்ன பொய்யை நான் உடைத்தால் அவன் தாங்கமாட்டான். எனக்காகத்தான் சொன்னான். கோபமும் அவன் மேல்தான், இரக்கமும் அவன் மேல்தான்.

பின்சீற் மடிவதில் சந்தேகம் இருக்கிறது, குணத்தை இன்னொரு தரம் வரச் சொல்லு என்றேன். சரிவராது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். வியாழக்கிழமை அவனுக்கு வயலில் நெல் சூடடிப்பு. பொழுதுபட்டுத்தான் வருவான்.

நஸீமாவைக் கூப்பிட்டேன். காரைதீவுச் சந்திக்கு ஆள் அனுப்ப முடியுமா என்று கேட்டேன். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. "ஓம் உம்மா" என்றாள்.

செப். 16, வியாழன்

வெயில். லுஹர் தொழுது முடிய குணம் வந்தார். சைக்கிளில். கார் இல்லை.

திரைக்குப் பின்னால் நின்றேன். நஸீமா வாசலில். தூது வேண்டாம் மகள், நானே கதைக்கிறேன் என்றேன். மதினி "சுலைஹா!" என்றார். என் பெயரைச் சொல்லி அவர் கூப்பிட்டு வருடக் கணக்காகிறது.

தம்பி, அன்றைக்கு நடந்ததைச் சொல்லுங்க என்றேன். அவ்வளவுதான் வந்தது.

குரல் கேட்டதும் அந்தப் பக்கம் சைக்கிள் சரிந்த சத்தம்.

"டீச்சர், நான் மறைக்கல்ல. சொல்லாத எண்டு றபீக் காக்காதான் கேட்டவர். உங்களுக்குத் தாங்காதெண்டு."

தாங்கும், சொல்லுங்க.

"சம்மாந்துறைக்குப் போய்த் திரும்பி வாறம். ஐயாதான் ஓடினவர். வயலுக்கு நடுவில நிப்பாட்டி, நீ ஓடு தம்பி எண்டு இடம் மாறினார். வேர்த்துக் கொட்டுது. சீற்றச் சாய்ச்சு விட்டுட்டு ஆசுபத்திரிக்கு அடிச்சன். வழியில பாத்தா கண் மேல போகுது. கடைசி நேரத்தில உங்கட ஆக்களுக்கு ஓதவேணும் எண்டு தெரியும். என்ன ஓதுறதெண்டு தெரியா. றோட்டில ஒரு குஞ்சு இல்ல, கூப்பிட."

மூக்கை உறிஞ்சினார்.

"எனக்குப் பாடமா வாறது ஒண்டுதான். ஆரும் மோசம் போனா உங்கட பள்ளி ஸ்பீக்கரில முதல்ல சொல்லுவாங்களே, அது. சின்னப் புள்ளயிலயிருந்து கேட்டது. அதத்தான் சொன்னன். இன்னாலில்லாகி... முழுக்க. வண்டிய ஓடி ஓடிப் பெலத்த சத்தமாச் சொன்னன். ரெண்டு மூண்டு தரம்."

மதினி வாயைப் பொத்திக்கொண்டார். அது மவுத்துச் செய்தி கேட்டால் சொல்வது. ஆள் போனபின் சொல்வது. மூச்சு இருக்கிற மனிசனின் காதுக்குள் யாரும் சொல்லமாட்டார்கள்.

"ஐயா கண்ணத் துறந்து என்னப் பாத்தார். சிரிச்சார் டீச்சர். எங்கட அம்மாவாண, சிரிச்சார். 'அது இப்ப இல்ல தம்பி' எண்டார்."

மறுகா என்ன என்றேன்.

"மறுகா வாய் அசைஞ்சது. சத்தம் இல்ல. கொஞ்ச நேரம் அசைஞ்சிட்டே இருந்தது. ஆசுபத்திரி வாசலுக்குக் கிறுகக்குள்ள பாத்தன், அதுவும் நிண்டுட்டு."

ரோட்டில் ஐஸ்பழக்காரன் மணி அடித்துக்கொண்டு போனான்.

"செத்தாக்களுக்குச் சொல்றத உசிரோட இருந்தவருக்குச் சொல்லிட்டனே. அதாலதான் போனாரோ எண்டு எனக்கு நித்திர இல்ல டீச்சர். அது பாவமா?"

பாவம், இந்தப் பிள்ளையும் என்னைப் போலத்தான் இவ்வளவு நாளும் இருந்திருக்கிறது. நான் என்ன, மார்க்கம் படித்த ஆலிமா? ஆனாலும் சொன்னேன். "நீங்க சொன்னது நல்ல சொல்லுத்தான் தம்பி. எல்லாரும் அல்லாஹ்ட்ட இருந்து வந்த, அவன்ட்டயே திரும்பிப் போறம் எண்டுதான் அதுக்குக் கருத்து. பிழையில்ல. எள்ளுப்போல முந்திட்டீங்க, அவ்வளவுதான்."

அந்தப் பக்கம் அழுகை. பெரிய ஆண்பிள்ளை அழுகிற சத்தம். இந்தப் பக்கம் எனக்குச் சிரிப்பு. நிறுத்த முடியவில்லை. திரையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன், பிறகு அதுவும் சிரிப்பாக இல்லை.

இத்தாவில் வெளி ஆணுடன் கதைத்ததற்கு மதினி ஏசுவார் என்று காத்திருந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். "சிரிச்சானாமா?" என்று மட்டும் கேட்டார்.

செப். 18, சனி

மேகம் இருட்டி வந்து பெய்யாமல் போனது.

றபீக் வந்தான். நீலம் என்று சொன்னேன்.

தொப்பியைக் கழற்றி மடித்தான். "அது... அந்தக் கார் வேணாம் ராத்தா."

ஏன்?

"மவுத்து நடந்த கார்." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே விளங்கியது. இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். "நான் போகக்குள்ள முடிஞ்சிரிச்சி ராத்தா. கலிமாச் சொன்னாரா இல்லயா எண்டு எனக்குத் தெரியா. என்ன சொல்லச் சொல்றீங்க? உங்கட முகத்தப் பாத்துத் தெரியா எண்டு சொல்லவா?"

தலையைத் தடவினேன். நரைத்துவிட்டது அவனுக்கும்.

உம்மா மவுத்தானது இந்த அறையில்தானே, வீட்டை விற்றோமா என்று கேட்டேன். இரண்டு கதவு கஷ்டம் என்று முணுமுணுத்தான். நான் முன்னால் இருப்பேன், நீ ஓடு என்றேன்.

ஆனால் எழுதுகிற இடத்தில் உண்மையை எழுத வேண்டும். மனம் ஆறவில்லை. சிரித்தாராம், சந்தோசம். அது இப்ப இல்ல என்றாராம், அவர் சொல்லக்கூடியதுதான். பிறகு அசைந்த வாய் என்ன சொன்னது? கலிமாவா? தண்ணி கேட்டாரா? நஸீமாவின் பெயரா? ஆரம்பித்து முடிக்காமல் விட்டாரா? புறோக்கருக்கும் தெரியாது. வேறு யாரும் பார்க்கவில்லை. இனி எந்தக் காரைக் காட்டி யாரைக் கூப்பிடுவது?

நேற்றும் கிணற்றடியில் செருப்புச் சத்தம்.

செப். 24, வெள்ளி

கார் புதன்கிழமை வந்தது. வேம்புக்குக் கீழே நிற்கிறது. பூனை எப்போதோ அதன் மேலே ஏறிப் படுத்துவிட்டது. பெருநாள் வருகிறது, மாவு இடிக்க ஆள் பார்க்க வேண்டும்.

ஜும்ஆ நேரம். ஆண்கள் எல்லோரும் பள்ளியில், ரோட்டில் ஒரு ஆள் இல்லை. அந்த நேரம் முற்றத்துக்கு இறங்கலாம். இறங்கினேன். நஸீமா கூட வந்தாள்.

இடதுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். பிளாஸ்ரிக் மணம், எள்ளுப்போல பெற்றோல். அவருடைய மணம் ஒன்றும் இல்லை. தேடினேன், இல்லை. சீற்றைச் சாய்க்க நஸீமா உதவினாள். படுத்தால் வானம் தெரியவில்லை. சாம்பல் நிறக் கூரைத் துணிதான். இதைப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறார்.

அவருக்காகச் சொல்லலாம் என்று நினைத்தேன். சொல்லியிருக்காவிட்டால் என்னுடையதாவது இந்த இடத்தில் இருக்கட்டும். கண்ணை மூடிக் கலிமாவைச் சொன்னேன். அவசரப்படாமல், ஒரு எழுத்து விடாமல், மூன்று தரம். வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி. என் காதுக்கு மணி மணியாகக் கேட்டது.

கதவு திறந்துதான் இருந்தது. நஸீமா பக்கத்திலேயே, கதவைப் பிடித்தபடி நின்றாள்.

நல்லா ஓதினேனா மகள் என்று கேட்டேன்.

"என்ன ஓதின?" என்றாள். "ஒண்டும் கேக்கல்லயே உம்மா. வாய் மட்டுந்தான் அசைஞ்சிச்சி."